வீட்டுக்குள் ரயில் விடுவது எப்படி?

கடைக்காரர் "பையனுக்கா சார்?" என்றுதான் கேட்பார். "ஆமாம்" என்று சொல்லிவிடுங்கள். "எத்தனை வயசு?" என்று அடுத்த கேள்வி வரும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். எனக்கு அன்றைக்கு நாற்பத்தெட்டு. என் பையனுக்குப் பத்தொன்பது. அவன் ஹாஸ்டலில் இருந்தான். ரயிலைப் பற்றி அவனுக்கு இருந்த ஒரே அக்கறை தட்கலில் டிக்கெட் கிடைக்குமா என்பதுதான். நான் "எட்டு" என்றேன். கடைக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "பதினாலு வயசுக்கு மேலன்னு போட்டிருக்கே சார்."

"ரொம்ப விவரமான பையன்" என்றேன்.

நீங்கள் பதினைந்து என்று சொல்லிவிடுங்கள்.

நாற்பதுக்கு மேல் வீட்டுக்குள் ரயில் விட ஆரம்பிக்கிறவர் கூடவே கொஞ்சம் ரீலும் விட்டாக வேண்டும். ஏழெட்டு வருடமாக இரண்டையும் விட்டுக்கொண்டிருக்கிறவன் என்ற தகுதியில் புதிதாக வருகிறவர்களுக்குச் சில யோசனைகள் சொல்கிறேன். எடுத்த காரியத்தை உடனே முடித்துவிட்டுத்தான் மறுவேலை என்கிற ஆட்கள் இதைப் படிக்க வேண்டாம். அவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு ஒத்துவராது.

மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளுதல்

முதல் வாரமே மைத்துனர் யாராவது வந்து, மேஜையைப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, மறுபடியும் எல்கேஜி சேர்ந்துட்டீங்களா?" என்பார். வெட்கப்படக் கூடாது. இதற்கென்றே சில பெயர்களைக் கைவசம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ராட் ஸ்டூவர்ட் நன்றாக உதவுவார். பிரிட்டிஷ் ராக் பாடகர், இசைத்தட்டுகள் கோடிக்கணக்கில் விற்றவர். லாஸ் ஏஞ்சலஸ் வீட்டு மாடியில் இருபது வருடத்துக்கு மேலாக 1940களின் அமெரிக்க நகரம் ஒன்றைக் கட்டியிருக்கிறார். வானளாவிய கட்டடங்கள், பாலங்கள், புகைக்கூண்டுகள், நடுவில் ரயில்கள். 2019இல் ஒரு மாடல் ரயில் பத்திரிகைக்கு அதைத் திறந்து காட்டினார். கச்சேரிக்கு ஊர் ஊராகப் போகும்போது ஓட்டலில் கூடுதலாக ஓர் அறை எடுத்து, கட்டிலை வெளியேற்றச் சொல்லிவிட்டு, அங்கே உட்கார்ந்து கட்டடம் ஒட்டுவாராம். இது எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது வேறு. "இதையெல்லாம் அவரேவா செய்திருப்பார்?" என்கிற தோரணையில் பிபிசி வானொலி அறிவிப்பாளர் ஒருவர் பேசிவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த ஸ்டூவர்ட் நேரே நிலையத்துக்கு போன் போட்டு, தொண்ணூறு சதவீதம் நானே செய்தது, மின்சார வேலை மட்டும்தான் வேறு ஆள் என்று வாதாடினார். வாழ்நாளில் தன் பாட்டைப் பற்றி எவ்வளவோ விமர்சனம் கேட்டிருப்பார். ரயிலைச் சொன்னால் பொறுக்கவில்லை.

மைத்துனருக்குப் பாட்டில் நாட்டமில்லை என்றால் அரசியல். பவேரியா மாநில முதல்வராகவும் பிறகு ஜெர்மனியின் உள்துறை அமைச்சராகவும் இருந்த ஹோர்ஸ்ட் ஸீஹோஃபர் வீட்டு நிலவறையில் ரயில் விடுகிறவர். நாட்டுக்கே தெரியும். அதற்காக யாரும் அவர் பதவியைப் பிடுங்கவில்லை.

சாஃப்ட்வேர் மாப்பிள்ளை இருந்தால் எம்.ஐ.டி. கதையைச் சொல்லலாம். 1946-47 கல்வியாண்டில் அங்கே மாணவர்கள் ஒரு மாடல் ரயில் கிளப் ஆரம்பித்தார்கள். மேஜைக்கு மேலே ரயில் ஓடியது. கீழே, டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்த பழைய சாமான்களை வைத்து, பாயிண்ட்டையும் சிக்னலையும் இயக்குகிற ஒரு கூட்டம் ஒயருக்கு நடுவே படுத்துக்கிடந்தது. குறும்பும் சாமர்த்தியமுமாக ஒரு வேலையைச் செய்து முடிப்பதற்கு அந்தக் கூட்டம் வைத்துக்கொண்ட பெயர்தான் 'ஹேக்'. பிறகு கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அந்தப் பிள்ளைகள் சொல்லையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார்கள். இதைக் கேட்ட எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஒருவர், மறுபேச்சில்லாமல் மேஜைக்கு அடியில் புகுந்து அரை மணி நேரம் சாலிடரிங் வைத்துக் கொடுத்தார்.

அளவு என்னும் அவஸ்தை

உலகத்தில் அதிகம் பேர் வைத்திருப்பது ஹெச்.ஓ. அளவு. நிஜத்தில் 87 அடி இருப்பது இங்கே ஒரு அடி. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 16.5 மில்லிமீட்டர். வெளிநாட்டு ஸ்டாண்டர்டு கேஜ் 1,435 மி.மீ.; அதற்கு இந்தக் கணக்கு கனகச்சிதம். நம் பிராட் கேஜோ 1,676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19.26 வருகிறது. ஆகவே அந்த ட்ராக்கில் ஓடும் நம்மூர் இன்ஜின் எதுவானாலும் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் காலை ஒடுக்கிக்கொண்டுதான் ஓடுகிறது, தீபாவளிக்கு மகன் வாங்கிக் கொடுத்த ஜீன்ஸைப் போட்ட தாத்தா மாதிரி. பார்க்கிற யாருக்கும் இது தெரியாது. உங்களுக்குத் தெரிந்துவிட்டதல்லவா, இனி தூக்கம் போனமாதிரிதான்.

மீட்டர் கேஜ் என்றால் கணக்கு 11.5 வருகிறது. சுவிஸ் மலை ரயில்களுக்கென்று செய்யும் 12 மி.மீ. ட்ராக் கடைகளில் உண்டு. அரை மில்லிமீட்டர் பாவத்தைச் சாமி மன்னிக்கும் என்று நான் மீட்டர் கேஜுக்குப் போனேன். மற்றவர்களுக்குச் சொல்கிற காரணம் இது. சொல்லாத காரணம், பத்து வயதில் நான் போன ரயிலெல்லாம் மீட்டர் கேஜ். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931இலிருந்து 2004 வரை அந்த ஒடுங்கிய பாதையில்தான் ஓடியது. எழும்பூரிலிருந்து தெற்கே போகிற வண்டிகளும் அப்படித்தான். இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிற எவரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், அவர் கட்டுகிற ஸ்டேஷனில் அவருக்கு வயது ஒன்பதோ பத்தோ.

நினைவு வேறு, அறை வேறு. பிராட் கேஜே வைத்துக்கொள்ளுங்கள்: ஐ.சி.எஃப். பெட்டி ஒன்று 22 மீட்டர் சொச்சம், 87ஆல் வகுத்தால் கால் மீட்டர். இருபத்துநான்கு பெட்டி கோத்தால் இருபது அடி. சென்னை ஃபிளாட்டில் அறை பத்துக்குப் பத்து. இன்ஜின் பால்கனியில் நிற்கும்போது கடைசிப் பெட்டி பக்கத்து வீட்டுச் சமையலறையில் இருக்கும். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை அளவுக்குத் தக்கபடி சுருக்கினாலும் அறையைக் கடக்கப் பத்து விநாடி. சென்னையிலிருந்து மதுரை வரை போட ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல் ட்ராக் வேண்டும். அந்தக் காசுக்கு மதுரையிலேயே மனை வாங்கலாம். நான்கு பெட்டி, ஒரு ஸ்டேஷன், ஒரு வளைவு. அதோடு மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

இடம் பிடித்தல்

வெளிநாட்டுக்காரர்களுக்கு நிலவறை இருக்கிறது, பரண் இருக்கிறது, கார் நிறுத்துமிடம் இருக்கிறது. நமக்கு நவராத்திரி இருக்கிறது.

தமிழ் வீடுகளில் கொலுப்படிக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பார்க் வைப்பது வழக்கம். மணல் கொட்டி, கேழ்வரகோ கடுகோ தூவித் தண்ணீர் தெளித்தால் மூன்றாம் நாள் புல் முளைக்கும். முகம் பார்க்கிற கண்ணாடி குளமாகும். குளத்தைச் சுற்றிச் சாவி கொடுக்கிற ரயில் ஒன்று ஓடும். அந்த ரயிலுக்கு யாரும் வயது கேட்பதில்லை. ஆம்பளையா பொம்பளையா, வேலைக்குப் போகிறவரா ரிட்டயர்டா என்ற விசாரணை கிடையாது. உலகத்தில் பெரியவர்கள் பொம்மை ரயில் விடுவதைப் பண்டிகையின் பேரில் அனுமதித்த பெருந்தன்மையான சமூகம் நம்முடையது. இதைப் பயன்படுத்திக்கொள்ளாதவர் மூடர்.

வழிமுறை இது. புரட்டாசி பிறந்ததும் மனைவியிடம், "இந்த வருஷம் பார்க்கை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லுங்கள். அவருக்குச் சந்தேகம் வரும். எனக்குக் கிடைத்த பதில்: "ஒன்பது நாள்தான். பத்தாம் நாள் கழட்டிடணும்." சரி என்று தலையாட்டினேன். துணி மடிக்கிற மேஜையைக் கொலுவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மேலே பிளைவுட் அடித்து, ட்ராக்கை ஒட்டினேன். விஜயதசமி அன்று மரப்பாச்சியைப் படுக்க வைத்தபிறகு, "ஒட்டினது, பிய்ச்சா நாசமாயிடும்" என்றேன். துணி மடிக்கிற மேஜை அதோடு தன் வேலையை இழந்தது. இப்போது எங்கள் வீட்டில் துணிகளைச் சோபாவில் மடிக்கிறார்கள். மடிக்காமலும் விடுகிறார்கள்.

கொலுவில் ரயில் விடுகிறவர்கள் ஓர் ஆபத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். வருகிற குழந்தைகள் கூட்ஸ் வேகனில் சுண்டல் ஏற்றுவார்கள். ஒரு கொண்டைக்கடலை 87 மடங்கில் முக்கால் மீட்டருக்குக் குறையாத பாறை. ஸ்டேஷனுக்குப் பின்னால் தொந்தியும் தொப்பையுமாக உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மையை இந்தக் கணக்கில் பார்க்கவே கூடாது.

ஜெர்மன்காரருக்கு வேட்டி கட்டுதல்

ரயில் ஓடுவதைப் பார்க்கிற இன்பம் ஒரு வாரம் இருக்கும். அதற்குமேல் சுற்றிச் சுற்றி வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறவரை டாக்டரிடம் காட்ட வேண்டும். உண்மையான வேலை வண்டி நின்றபிறகுதான், அதாவது பிளாட்பாரத்தில்.

பிளாட்பாரத்துக்கு ஆட்கள் வேண்டும். ஹெச்.ஓ. அளவு மனிதர்களுக்குப் பேர்போனது பிரைசர் என்கிற ஜெர்மன் நிறுவனம். உயரம் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று உள்ளே. அத்தனை பேரும் அந்த ஊர்க்காரர்கள்: தொப்பி, ஓவர்கோட், முதுகுப்பை, நாயைக் கூட்டிக்கொண்டு வருகிற அம்மாள். இவர்களைக் கீழ்த்தஞ்சைக்குக் குடியேற்ற வேண்டும்.

தொப்பியை பிளேடால் சீவுங்கள். மொட்டைத்தலை மேல் ஒரு சொட்டு கறுப்பு. கோட்டின் வாலை உரசி எடுத்தால் சட்டையாகிவிடும். கால்சட்டைக்கு நடுவே ஃபெவிகால் விட்டு நிரப்பி, காய்ந்ததும் வெள்ளை அடித்தால் வேட்டி. லுங்கி என்றால் ட்ரிபிள் ஜீரோ பிரஷ்ஷால் குறுக்கே நான்கு கோடு, நெடுக்கே நான்கு கோடு. மூச்சைப் பிடித்துக்கொண்டு போட வேண்டும். குக்கர் விசில் அடிக்கிற நேரத்தில் போடவே கூடாது. கவுன் போட்ட பெண்களுக்கு டிஷ்யூ பேப்பரைக் கிழித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, குண்டூசி முனையால் மடிப்பு வைத்துச் சுற்றலாம். முந்தானை தனியாக. ஒரு புடவைக்கு ஒரு மாலைப்பொழுது.

முதுகுப்பையை எடுக்கவே முடியாத ஒருவரை மூட்டை தூக்குகிறவராக்கினேன். பனிச்சறுக்கு வீரர் ஒருவர் தவறுதலாக வந்துவிட்டார்; கட்டையை வெட்டியபிறகு, முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்து கையை நீட்டியபடி நின்றார். ஒரு வாரம் அவரை என்ன செய்வதென்றே தெரியவில்லை. பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, கையில் ஒரு துணுக்கு வெள்ளைப் பேப்பரை ஒட்டினேன். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறார். ஆல்ப்ஸ் மலையில் அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாரோ தெரியாது, எங்கள் ஸ்டேஷனில் அவரை மிஞ்ச ஆளில்லை.

மூன்றாம் வருடம் என் மனைவி பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். பாராட்டு வரும் என்று நின்றேன். "ராத்திரி வண்டிக்கு யார் இப்படிப் பட்டுப்புடவை கட்டிண்டு போவா? பளபளன்னு. நூல் புடவையா மாத்துங்க."

ஒன்றரை சென்டிமீட்டர் டிஷ்யூ பேப்பர். பட்டு எது, நூல் எது? ஆனாலும் அவர் சொன்னது சரி. பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தேன். எல்லோரும் நூல் புடவைக்கு மாறினார்கள்.

அழுக்காக்குதல்

கடையிலிருந்து வருகிற இன்ஜின் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். அதைப் பத்து வருடம் குடும்பம் நடத்தினவராக்குவது ஒரு தனிக்கலை. துரு, கரி, எண்ணெய், தூசி. கலிபோர்னியாவின் மாண்டரேயில் இருந்த ஜான் ஆலன் இந்தக் கலையின் பிதாமகர்களில் ஒருவர். தன் வீட்டுக்கு அடியில் ஏறக்குறைய இருபது வருடம் ஒரு ரயில்வேயை வளர்த்தார். கோரி அண்ட் டிஃபீட்டட் என்று பேர் வைத்தார். சேர்த்துச் சொன்னால் 'அடிபட்டு, ரத்தம் ஒழுகித் தோற்றவன்' என்கிற பொருளில் ஆங்கிலத்தில் ஒலிக்கும். யார்டில் பெட்டிகளை இழுத்துக்கோக்க இன்ஜினுக்குப் பதிலாக ஒரு டைனோசரை வைத்திருந்தார். அதற்குப் பெயர் எம்மா. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். பத்தே நாளில் வீட்டில் தீப்பிடித்து, லேஅவுட்டின், அதாவது அந்த வீட்டு ரயில்வேயின், பெரும்பகுதி போய்விட்டது.

அவர் சொல்லிக்கொடுத்த பாடத்தில் நம்மூர்க்காரர்கள் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு: வெற்றிலைச் சாறு. பிளாட்பாரத் தூணுக்குக் கீழே சிவப்பும் பழுப்புமாகக் கலந்து, பிரஷ்ஷைக் கட்டைவிரலால் தட்டித் தெறிக்க வையுங்கள். அது இல்லாத ஸ்டேஷனை என் மைத்துனர் ஜப்பான் என்று நினைத்துவிட்டார்.

அசல் அழுக்கு வேறு விஷயம். தண்டவாளத்தில்தான் மின்சாரம் ஓடுகிறது, பன்னிரண்டு வோல்ட். சக்கரம் அதைத் தொட்டு எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கிறது. சென்னைத் தூசியும் கடல்காற்றும் சேர்ந்து ஒரு வாரத்தில் தண்டவாளத்தின் மேல் படலம் கட்டும். வண்டி திக்கும், நிற்கும், விளக்கு சிமிட்டும். ரப்பரால் தேய்த்து, ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். வீட்டில் ஒரு ஜன்னலைக்கூடத் துடைத்திராத கணவர், முழங்காலில் நின்று ஆறு மீட்டர் தண்டவாளத்தைப் பளபளப்பாக்குவதை மனைவி கதவோரம் நின்று பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பரிகாரம் எதுவும் கிடையாது.

பல்லிக்கும் கிடையாது. பத்து சென்டிமீட்டர் பல்லி, கணக்குப்படி எட்டே முக்கால் மீட்டர். சாயங்காலம் விளக்குப் பூச்சிக்காக ஸ்டேஷன் கூரையில் வந்து உட்காரும். ஆரம்பத்தில் விரட்டினேன். எம்மாவைப் பற்றிப் படித்தபிறகு விட்டுவிட்டேன்.

முடிக்காமல் இருத்தல்

எல்லா யோசனையையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மாடல் ரயிலை முடிக்கக் கூடாது.

1891இல் லைப்ஸிக் சந்தைக்கு மெர்க்லின் நிறுவனம் ஒரு பொம்மை ரயிலைக் கொண்டுபோனது. சாவி கொடுத்தால் ஓடும், எட்டு வடிவத் தண்டவாளம். அதற்கு முன்பும் பொம்மை ரயில்கள் இருந்தன. இதில் தண்டவாளத்துக்கு ஒரே அளவு வைத்து, இன்றைக்குக் கொஞ்சம் வாங்கினால் அடுத்த கிறிஸ்துமஸுக்கு இன்னும் கொஞ்சம் வாங்கி அதோடு சேர்க்கலாம் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்த 'இன்னும் கொஞ்சம்' நூற்று முப்பது வருடமாகப் பல தகப்பன்களின் மாதக் கடைசியைத் தின்றுகொண்டிருக்கிறது. 1859இல் தொடங்கிய அந்த நிறுவனமே தன் நூற்றைம்பதாவது வருடத்தில், 2009இல், திவால் மனு போட்டு, பிறகு மீண்டு வந்தது. வாங்குகிறவர்களுக்குத்தான் மீட்சி இல்லை.

ஹாம்பர்கில் இரட்டைச் சகோதரர்கள் இருவர் பழைய கிடங்கு ஒன்றில் 2001இல் 'மினியட்டூர் வுண்டர்லாண்ட்' திறந்தார்கள். உலகத்திலேயே பெரிய மாடல் ரயில் அது. கால் மணிக்கு ஒருமுறை அங்கே இருட்டி விடியும். விளக்கெல்லாம் எரியும், அணையும். திறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் கட்டுகிறார்கள். இடம் போதாமல் கால்வாய்க்கு மேலே பாலம் போட்டு எதிர்க் கட்டடத்துக்குப் போய் அங்கே ரியோ டி ஜெனிரோவைக் கட்டினார்கள். முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? டிக்கெட் விற்றுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அண்ணாநகரில் தன் லேஅவுட்டை நிஜமாகவே முடித்துவிட்டார். மரம், மனிதர், சிக்னல், எல்லாம். நண்பர்களைக் கூப்பிட்டுக் கேசரியும் காபியும் கொடுத்தார். மறு ஞாயிற்றுக்கிழமை சுத்தியலை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். நான் போன் செய்தபோது, "வேற வேலை இல்லை சார்" என்றார்.

ஆகவே எப்போதும் ஒரு வேலையை மிச்சம் வையுங்கள். நான் மிச்சம் வைத்திருப்பது ஸ்டேஷன் பெயர்ப்பலகை. மஞ்சள் பலகை தயார், தூண் தயார். எழுத்து மட்டும் இல்லை. முதலில் இது சோம்பேறித்தனம்தான். ஆனால் போன நவராத்திரிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் குனிந்து பார்த்து ஒரு பேர் சொன்னார்கள். "மாயவரம்தானே?" என்றார் கீழ்வீட்டு மாமா. மைத்துனர் விருத்தாசலம் என்று அடித்துச் சொன்னார். மூட்டை தூக்குகிறவரைப் பார்த்துவிட்டு மணப்பாறை என்றார் ஒருவர், என்ன சம்பந்தமோ.

சரஸ்வதி பூஜை அன்று மனைவியின் பெரியம்மா வந்தார். எண்பத்திரண்டு வயது. நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போடச் சொல்லி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வண்டி இரண்டு சுற்று வந்தது.

"சீர்காழி" என்றார். "எங்கப்பா இங்கதான் பார்சல் கிளார்க்கா இருந்தார்." பிறகு விரலை நீட்டி, "தண்ணித் தொட்டிய ஏன் இந்தப் பக்கம் வச்சிருக்கே? அந்தப் பக்கம்னா இருக்கும், வேப்பமரத்தடியில."

நான் ரயிலை நிறுத்திவிட்டு பிளேடை எடுத்தேன். தொட்டி நன்றாக ஒட்டியிருந்தது; அடிப்பாகத்தில் ஒரு பக்கம் பெயர்ந்து வந்தது. அந்தப் பக்கம் வேப்பமரமும் இல்லை. அதையும் இனிமேல்தான் செய்ய வேண்டும்.